பலகையில் போன அப்பா

தம்போயில் சூராட் அக்கா வீடு எங்கே என்று கேட்டால் போதும், ரொட்டி சானாய் போடுகிறவர்கூட மாவுக் கையை நீட்டி வழி காட்டிவிடுவார். மலாயில் சூராட் என்றால் கடிதம். பிறப்புப் பத்திரத்தில் தனலெட்சுமி என்று இருக்கிற பெயர் வங்கியில் கையெழுத்துப் போடும்போது மட்டும்தான் அவளுக்கே நினைவுக்கு வரும்.

இருபத்தொன்பது வருஷம் பள்ளிக்கூட அலுவலகத்தில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்றவள். வயது ஐம்பத்தைந்து. ஓய்வு நேரத்தில் மற்றவர்கள் பூச்செடி வளர்ப்பார்கள், இவள் வேலையில் இருந்த காலத்திலேயே ராயுவான் எழுதத் தொடங்கிவிட்டாள். ஒரு தடவை முடியாது என்று சொன்ன அதிகாரியிடம் திரும்பவும் போய், மனம் இரங்குங்கள் என்று கேட்கிற கடிதத்துக்கு இங்கே அதுதான் பெயர். பிள்ளைக்குப் பள்ளியில் இடம், பசாரில் கடைக்கு இடம், குடியுரிமைக்கான நீலநிற அடையாள அட்டை என்று எதற்கானாலும் ஆட்கள் அவள் சமையலறை மேசைக்கு வந்து உட்காருவார்கள். காசு வாங்கமாட்டாள். ஒரு ரீம் ஏ-ஃபோர் தாள் கொண்டுவந்தால் போதும்.

அவளுக்கென்று ஒரு செய்முறை இருந்தது. முதல் பத்தியில் பணிவு. இரண்டாவதில் ஒரே ஒரு ஆளைக் காட்ட வேண்டும், கூட்டத்தைக் காட்டக்கூடாது. மூன்றாவதில் அழுகை. அதையும் குழம்புக்குப் புளி விடுகிற மாதிரி அளந்துதான் விடுவாள். கணக்கு, தேதி, எண்ணிக்கை எதையும் கிட்டே சேர்க்கமாட்டாள். "நம்பரப் பாத்தா ஆபிசர் கொட்டாவி விடுவாரு லா. கண்ணுல தண்ணி வந்தாத்தான் பேனாவ எடுப்பாரு" என்று வருகிறவர்களிடம் பாடமே நடத்துவாள். பாதிக்கு மேல் பலித்தும் இருக்கிறது. அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் என்று சொன்னால் கோபித்துக்கொள்வாள், ஆனால் உண்மை அதுதான்.

அந்த மூன்றாவது பத்திக்கென்று அவளிடம் ராசியான சரக்கு ஒன்று இருந்தது. வயதான அம்மாவை ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ள ஒரு மலிவு விலை வீடு கேட்டு, அவள் தனக்காக எழுதிய முதல் ராயுவானில் வந்தது அது. தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

"என் தந்தையைப் பாம்பு தீண்டியபோது தோட்டத்து லாரி வரவில்லை. நான்கு பேர் எங்கள் வீட்டுக் கதவைக் கழற்றி, அந்தப் பலகையில் அவரைக் கிடத்தி, ரயில் நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். என் தாய் வாசலில் விழுந்து கதறினாள். பாதி வழியில் என் தந்தையின் கை பலகையிலிருந்து கீழே தொங்கியது. ஒரு வண்டி இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார்."

நடந்ததுதான். லாயாங் லாயாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அவளுக்கு ஒன்பது வயது இருக்கும்போது நடந்தது. அந்தக் கடிதத்துக்கு ஒரே மாதத்தில் வீடு கிடைத்தது. அதன் பிறகு பசாரில் கடை கேட்டவர் ஒருவருக்கு அதே பத்தியைப் போட்டுக் கொடுத்தாள், அதுவும் பலித்தது. பிறகு இன்னொருவருக்கு. சில கடிதங்களில் தந்தை தாத்தா ஆனார், ஒன்றில் சித்தப்பா ஆனார். பொய் எழுதுகிறோமே என்று எப்போதாவது உறுத்தினால், நடந்த விஷயம்தானே, ஆள்தானே மாறியிருக்கிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்வாள். அப்பாவைக் கைமாற்றாகக் கொடுக்கிறோம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

காளியம்மா வந்தது ஆகஸ்ட் மாதம். செனாய் பக்கம் ஒரு தொழிற்சாலைக் கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறவள், பக்கத்துக் குடியிருப்பில் ஐந்தாம் மாடியில் இருப்பவள். அவள் புருஷன் வேலு கூலாயிலிருந்து துறைமுகத்துக்கு லாரி ஓட்டியவர். சர்க்கரை வியாதியில் போன டிசம்பரில் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். சிறுநீரகமும் போய்விட்டது. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். அது பழைய அடுக்குமாடி, லிஃப்ட் கிடையாது. எழுபத்திரண்டு படி. உதவிச் சங்கத்து வேன் கீழே வந்து நிற்கும், ஆனால் டிரைவர் மேலே வரமாட்டார். எண்பத்து நாலு கிலோ மனிதரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து நான்கு பேர் தூக்கித்தான் இறக்க வேண்டும், பிறகு தூக்கித்தான் ஏற்ற வேண்டும்.

தரைத்தளத்தில் ஒரு வீடு காலியாகியிருந்தது. அதற்கு மூன்று குடும்பங்கள் கேட்டிருந்தன. காளியம்மாவின் விண்ணப்பத்தை வீடமைப்பு அலுவலகம் ஒரு தடவை தள்ளிவிட்டது.

"அக்கா, யாரு யாரு தூக்குனாங்கன்னு எல்லாம் காலண்டர்ல எழுதி வச்சிருக்கேன். கொண்டாரட்டா?" என்று கேட்டாள் காளியம்மா.

"அத என்னாத்துக்கு எழுதி வச்சிருக்க?"

"தீபாவளிக்கு முறுக்கு குடுக்கணும்ல. ஒருத்தர விட்டுட்டாலும் அசிங்கம்."

தனலெட்சுமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அலமாக், காலண்டர யாரு படிப்பா? நீ சும்மா இரு காளி, நான் எழுதறேன் பாரு" என்றாள். அன்று சாயங்காலமே எழுதி முடித்து, மூன்றாவது பத்தியில் பலகையில் போன அப்பாவை வேலுவின் அப்பாவாக வைத்துக் கொடுத்தாள். காளியம்மாவுக்கு எழுத்து மலாய் அவ்வளவாகப் புரியாது. கையெழுத்துப் போடும் இடத்தை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

நேர்காணலுக்குக் கூப்பிட்டது செப்டம்பர் மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதரைக்கு. தனலெட்சுமி மிடுக்காகச் சேலை கட்டிக்கொண்டு போனாள். காளியம்மா ஒரு பிளாஸ்டிக் பையில் சுருட்டிய காலண்டரோடு நின்றிருந்தாள், முகம் வெளிறிப்போயிருந்தது.

"சனிக்கிழம ஆள் கெடைக்கல அக்கா. போகவே இல்ல. வெடியகாலைலேர்ந்து அவருக்கு மூச்சு ஒரு மாதிரி இழுக்குது. இன்னிக்கும் விட்டா அஞ்சு நாளு ஆயிடும்."

"ஆள் சொல்லி வச்சிருக்கதானே?"

"சொல்லி வச்சிருந்தேன். மூர்த்தி இப்பச் சிங்கப்பூர் வேல, வெடியகாலைல நாலு மணிக்கே பாலம் தாண்டிடறான். நம்ம மலாய்க்காரப் பெரியவரு பாக்சிக் ஹருனுக்கு இடுப்பு புடிச்சிக்கிச்சு. செல்வா மட்டுந்தான் இருக்கான். இன்னும் மூணு பேரு வேணும்." எல்லோருடைய போன் நம்பரும் காலண்டர் ஓரத்தில்தான் இருந்தது. அதற்காகத்தான் ஆணியிலிருந்து கழற்றிக்கொண்டு வந்திருந்தாள். வேன் வருவது பதினொன்றே முக்காலுக்கு.

பத்து மணி ஆனது, பத்தரையும் ஆனது. முதல் குடும்பம் உள்ளே போய் வெளியே வந்தது, இரண்டாவது போனது. காளியம்மா நடைபாதை ஓரத்தில் நின்று ஒவ்வொரு நம்பராக அடித்துக்கொண்டே இருந்தாள். ஒருவர் எடுக்கவில்லை. ஒருவர் மூவாரில் கல்யாணத்துக்குப் போயிருந்தார். அடுத்த வீட்டு வங்காளதேசத்து ரஃபீக் வருகிறேன் என்றான். அப்படியும் இரண்டு பேர்தான். இரண்டு பேர் தூக்கினால் படியில் மனிதர் உருண்டுவிடுவார் என்பது தனலெட்சுமிக்கும் தெரியும். கடிகாரத்தைப் பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்து நாற்பதுக்கு அவர்களைக் கூப்பிட்டார்கள். மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்த அம்மையார் புவான் ரொஸ்னா, ஐம்பது வயதிருக்கும், மூக்கு நுனியில் கண்ணாடி. சிரிக்கவில்லை. ஒரு கோப்பைத் திறந்து, கடிதங்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் சீட்டு அடுக்குவதுபோல் வரிசையாக வைத்தார். ஏழு கடிதங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பத்தி மஞ்சள் மையால் தீட்டப்பட்டிருந்தது.

அது தன்னுடைய பத்திதான் என்று தனலெட்சுமிக்குத் தலைகீழாகப் பார்த்தாலே தெரிந்தது. அவற்றில் அவள் மற்றவர்களுக்கு எழுதிக் கொடுத்தவை இரண்டுதான், அவளுடைய சொந்தப் பழைய கடிதம் அதில் இல்லை. மற்ற ஐந்தை யார் எழுதினார்கள் என்றே அவளுக்குத் தெரியாது. எவனோ ஒரு புண்ணியவான் அவள் கடிதத்தைப் படம் பிடித்து, ராயுவான் மாதிரி என்று வாட்சாப்பில் போட்டிருக்கிறான் என்பது பிறகுதான் தெரிந்தது. மாநிலம் முழுக்க ஆட்கள் அதைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள்.

"இந்த அலுவலகத்தில் மட்டும் இந்த மனிதர் ஏழு தடவை செத்திருக்கிறார்," என்றார் புவான் ரொஸ்னா மலாயில். குரலை உயர்த்தவே இல்லை. "முதல் கடிதத்தைப் படித்தபோது எனக்கு அழுகை வந்தது. மூன்றாவதைப் படித்தபோது வெட்கமாக இருந்தது." காளியம்மாவை மலாயில் அக்கா என்று அழைத்துக் கேட்டார்: "காக்காக், இது உங்கள் கணவருடைய அப்பாவா?"

காளியம்மா திரும்பித் தனலெட்சுமியைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, கடிதத்தில் என்ன இருக்கிறது என்றே தெரியாத குழப்பம்தான் இருந்தது. "அவரோட அப்பாவா? அவரு ஆஸ்பத்திரில செத்தாரு. எண்பது வயசு," என்றாள் பசார் மலாயில்.

பக்கத்தில் இருந்த அதிகாரி பேனாவை மூடினார். அந்தச் சின்ன டக் சத்தம் தனலெட்சுமிக்குக் கேட்டது. வீடு போச்சு என்று நினைத்தாள். என் கையால் போச்சு.

"புவான், இவளுக்கு எதுவும் தெரியாது. எழுதினது நான்," என்றாள். "அது என்னோட அப்பா. நெசமாவே அப்படித்தான் செத்தாரு. லாயாங் லாயாங்ல."

"அவருக்குச் சொந்தம் கொண்டாடுகிற எட்டாவது ஆள்," என்றார் புவான் ரொஸ்னா.

"சத்தியமா புவான்."

"சரி. தூக்கினது நாலு பேர். யார் அவர்கள்? பெயர் சொல்லுங்கள்."

தனலெட்சுமி வாயைத் திறந்தாள். ஒரு பெயரும் வரவில்லை. இத்தனை வருஷமாக நான்கு பேர், நான்கு பேர் என்று எழுதியிருக்கிறாள். அந்த நான்கு பேருக்கும் முகம் இல்லை. கை தொங்கியது நினைவிருந்தது, அதுகூடக் கண்ணால் பார்த்ததா எழுதி எழுதி வந்ததா என்று அந்த நிமிஷத்தில் அவளுக்கே சந்தேகமாகிவிட்டது. இத்தனை காலம் மற்றவர்களுக்காக அளந்து ஊற்றிய கண்ணீர் இப்போது கேட்காமலே வந்து நின்றது. புவான் ரொஸ்னா அதைப் பார்த்துவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். சொந்த அப்பாவுக்காக அழுவதைக்கூட ஒருத்தி நம்பாமல் பார்க்கும்போது எப்படி இருக்கும் என்பதைத் தனலெட்சுமி அன்றுதான் தெரிந்துகொண்டாள். அவமானமாக இருந்தது. தப்பும் தன் மேல்தான் இருந்தது.

அப்போது காளியம்மாவின் போன் அடித்தது. பயந்துபோய் எடுத்தாள். வீட்டிலிருந்து செல்வா. அறையில் இருந்த எல்லோருக்கும் அவன் குரல் கேட்டது. "அக்கா, மாமா ஒக்கார மாட்டேங்குறாரு, படுக்கவும் முடியல. ஆள் கெடச்சாங்களா?"

"இன்னும் ரெண்டு பேரு பாக்குறேன் தம்பி," என்று காளியம்மா பையிலிருந்து காலண்டரை உருவினாள். பந்தய நாட்களுக்குக் குதிரைப் படம் போட்ட, சுவரில் மாட்டும் பெரிய குதிரைக் காலண்டர். அவசரத்தில் அது மேசைமேல் விரிந்து ஏழு கடிதங்களையும் மூடிக்கொண்டது.

"என்ன இது?" என்றார் புவான் ரொஸ்னா. ஒவ்வொரு செவ்வாய், வியாழன், சனிக் கட்டத்திலும் எறும்பு ஊர்ந்த மாதிரி தமிழ் எழுத்து.

தனலெட்சுமிதான் பதில் சொன்னாள். "இவ வீட்டுக்காரரக் கீழ தூக்குனவங்க பேரு, புவான்."

"படியுங்கள்."

தனலெட்சுமி ஜனவரித் தாளைப் புரட்டினாள். குரலில் எதையும் சேர்க்கவில்லை. சேர்ப்பதற்கு அவளிடம் அன்று ஒன்றும் மிச்சம் இல்லை. "ஜனவரி ரெண்டு. மூர்த்தி, செல்வா, பாக்சிக் ஹருன், ரஃபீக். ஜனவரி நாலு. மூர்த்தி, செல்வா, ரஃபீக், காஸ் சிலிண்டர் போடற சீனர். ஜனவரி ஏழு. செல்வா, பாக்சிக் ஹருன், பாக்சிக் ஹருன் மருமகன், நாசி லெமாக் கடை அண்ணன். மழை, படி வழுக்கல், இருபது நிமிஷம்." வாசித்துக்கொண்டே போனாள். பிப்ரவரியில் ஒரு நாள் தபால்காரர் பெயர் இருந்தது. மே மாதத்தில் ஒரு கட்டத்தில், பேர் தெரியாது, சிவப்பு ஹெல்மெட், கேட்டு வைக்கணும் என்றிருந்தது. ஆகஸ்டில் நான்கு பெயர்கள் மூன்றாயின. மூன்று பேர் தூக்கிய நாளில், ரெண்டாம் மாடியில் நாற்காலிக் கால் உடைந்தது, அவருக்கு அடியில்லை என்று எழுதியிருந்தாள் காளியம்மா.

"இந்தக் கட்டத்தில் ஒன்றும் இல்லையே?" புவான் ரொஸ்னா செப்டம்பரைத் தொட்டார்.

"ஆள் கெடைக்காத நாள்," என்றாள் காளியம்மா.

அவர் விரலை நகர்த்தினார். இன்னொரு காலிக் கட்டம். பிறகு போன சனிக்கிழமை. அதற்கு அடுத்தது அன்றைய செவ்வாய், அதுவும் காலியாக இருந்தது. பேனாவை மூடிய அதிகாரியும் எட்டிப் பார்த்தார்.

"இன்றைக்கு எத்தனை மணிக்கு?"

"பன்னெண்டரை. வேன் பதினொன்னே முக்காலுக்கு வந்துடும். ரெண்டு பேருதான் இருக்காங்க, புவான்."

மணி பதினொன்று எட்டு. புவான் ரொஸ்னா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "விண்ணப்பம் கமிட்டிக்குப் போகவேண்டும், இங்கே என்னால் எதுவும் சொல்ல முடியாது. ஆனால் வீட்டைப் போய்ப் பார்க்க எனக்கு அதிகாரம் இருக்கிறது," என்று எழுந்தார். பேனாக்காரரையும் வாசலில் நின்ற காவலாளியையும் கூப்பிட்டார். அலுவலக வேனில்தான் எல்லோரும் போனார்கள். பண்டார் டத்தோ ஓன் சாலைப் பக்கத்து நெரிசலில் வண்டி ஊர்ந்தபோது காளியம்மா வாய்க்குள் மாரியம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள்.

வேலு நாற்காலியில் முன்னால் சாய்ந்து, வாயால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. செல்வா, ரஃபீக், பேனாக்காரர், காவலாளி என்று நான்கு பேரும் ஆளுக்கொரு நாற்காலிக் காலைப் பிடித்தார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் நாற்காலி சாய்ந்தது, வேலு கண்ணை மூடிக்கொண்டார். மூன்றாம் மாடியில் பேனாக்காரருக்குக் கை வழுக்கியது. பின்னால் வந்த புவான் ரொஸ்னா பைல்களைப் படியிலேயே போட்டுவிட்டு நாற்காலியின் விளிம்பைத் தாங்கிப் பிடித்தார். அதற்குப் பிறகு கீழே வரும்வரை விடவில்லை. தனலெட்சுமி வேலுவுக்கு இன்னும் பழகாத செயற்கைக் காலையும் மருந்துப் பையையும் சுமந்துகொண்டு கடைசியில் வந்தாள். படிகளை எண்ணினாள். எழுபத்திரண்டு சரியாக இருந்தது. கடிதத்தில் அதை எழுதவில்லையே என்று நினைத்துக்கொண்டாள்.

சங்கத்து வேன் கதவு சாத்துவதற்கு முன்னால் காளியம்மா காலண்டரை மடியில் விரித்துப் பேனாவை எடுத்தாள். "புவான், உங்க முழுப் பேரு என்ன? இவங்க ரெண்டு பேரு பேரும் சொல்லுங்க."

"எதற்கு?"

"தீபாவளிக்கு முறுக்கு குடுக்கணும்."

புவான் ரொஸ்னா பெயரைச் சொன்னார். வேன் போன பிறகு வியர்வையைத் துடைத்துக்கொண்டு தனலெட்சுமியிடம் வந்தார். "புதுக் கடிதம் எழுதிக் கொடுங்கள். அந்தக் காலண்டரை எழுதுங்கள், போதும். உங்கள் அப்பாவை விட்டுவிடுங்கள்."

அன்றைக்கே எழுதிக் கொடுத்தாள். தேதியும் பெயரும் தவிர அதில் ஒன்றும் இல்லை. பதினொரு நாள் கழித்துத் தரைத்தள வீட்டுச் சாவி காளியம்மா கைக்கு வந்தது. குடிபோன அன்று பால் காய்ச்சுவதற்கு முன்னால் அவள் செய்த முதல் வேலை, ஆணி அடித்துக் காலண்டரை மாட்டியது. வேலு வாசலில் சக்கர நாற்காலியில் தானாகவே உருண்டு வந்து, மூர்த்தியிடம் லாரி கதை பேசிக்கொண்டிருந்தார்.

தனலெட்சுமிக்கு மனசு நிறைந்துதான் இருந்தது, ஆனால் பாலைக் குடிக்காமலே வைத்துவிட்டாள். தூக்கினது யார் என்று புவான் ரொஸ்னா கேட்ட கேள்வி அத்தனை நாளாக முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. அம்மாவிடம் கேட்கலாம் என்றால் அம்மா போய் ஏழு வருஷம் ஆகிவிட்டது. வீட்டுக்கு வந்து, லாயாங் லாயாங்கில் இருக்கும் அண்ணன் சின்னத்தம்பிக்குப் போன் போட்டாள். அப்பா சாகும்போது அண்ணனுக்குப் பதினாலு வயது.

"ஏண்ணே, அப்பாவப் பலகைல தூக்கிட்டுப் போனது யாரு யாரு?"

"என்னா திடீர்னு?"

"சொல்லேன்."

அண்ணன் யோசித்தார். "மாட்டுக்கார முனியன். ஆறாம் நம்பர் வீட்டு ராமையா. அப்புறம் கடைக்காரச் சீனர் மவன் ஆ ஹோக், அவன் செருப்பக் கழட்டிட்டு ஓடுனது இன்னும் கண்ணுல நிக்குது. அவ்ளோதான்."

"நாலு பேருல்ல?"

"நாலாவது அம்மாதான்."

தனலெட்சுமி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள், அண்ணன் தொடர்ந்தார்.

"ஆம்பளைங்கல்லாம் அந்த நேரம் ரப்பர் காட்டுல பால் வெட்டிக்கிட்டு இருந்தாங்க, ஆள் ஏது? தலமாட்டுல இடது பக்கம் அம்மா புடிச்சாங்க. ஸ்டேஷன் வரைக்கும், மூணு மைலு, கீழ வைக்கவே இல்ல. உன்ன அடுத்த வீட்டுல போட்டுப் பூட்டிட்டுப் போனோம், உனக்கு எப்படித் தெரியும்?"

"அம்மா அழுதாங்களாண்ணே?"

"மூச்சு வாங்கவே நேரமில்ல, எங்கேர்ந்து அழுவுறது? கை ரெண்டும் தோல் உரிஞ்சி ஒரு வாரம் சோறு பெசைய முடியல."

போனை வைத்ததும் மேசை முன்னால் உட்கார்ந்தாள். கணினியைத் திறந்து, எத்தனையோ பேருக்கு எடுத்துக் கொடுத்த அந்தப் பத்தியைக் கொண்டுவந்தாள். என் தாய் வாசலில் விழுந்து கதறினாள் என்ற வரி அப்படியே இருந்தது. அதை எழுதியவள் அவள்தான். அதிகாரிகள் கண் கலங்கட்டும் என்று எழுதினாள். அந்த வருஷங்களில் அம்மா அடுத்த அறையில் படுத்திருந்தாள். ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம். பத்தி முழுவதையும் அழித்தாள். பிறகு காளியம்மா கொண்டுவந்த ரீமைப் பிரித்து, முதல் தாளை எடுத்து, பேனாவால் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினாள். முனியன். ராமையா. ஆ ஹோக். நாலாவதாக, அம்மாவின் பெயரை, அங்கம்மாள் என்று எழுதினாள்.